கடைசி ஆளின் விசில்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகும் அந்தக் குழுவில் ஆள் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் நடப்பவர் திரும்பிப் பார்க்காமல் "ஒண்ணு" என்று கத்துவார். அவருக்குப் பின்னால் வருபவர் "ரெண்டு" என்பார். இப்படியே வரிசை முழுக்க ஓடி, கடைசி ஆள் தன் எண்ணைச் சொல்லி "வால்!" என்று முடிக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் முதல் ஆள் அடுத்த அடி எடுத்து வைப்பார். வராவிட்டால் மழை கொட்டினாலும் அங்கேயேதான் நிற்பார்.

பத்தொன்பது வருடமாக அந்தச் சத்தத்தைப் போட்டு வந்தவள் ஒரே ஆள். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு எண்பது தடவை ஊராருக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தான் மூச்சு விட மாதத்துக்கு ஒரு நாள் மலைக்குப் போவாள். குழுவில் எல்லோருக்கும் அவள் வாலக்கா. தலைவன் அவளுடைய சொந்தத் தம்பி, பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளன். அவனுக்கு மட்டும் வெறும் அக்கா.

வால் என்றதும் ஏதோ தள்ளாடிக்கொண்டு பின்னால் வருகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. குழுவில் இரண்டாவது பலசாலியைத்தான் கடைசியில் விடுவார்கள். யாருக்காவது கால் பிசகினால் தோள் கொடுக்க வேண்டும். யாராவது தொப்பியை மறந்துவிட்டு வந்தால் திரும்பி ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். முதலுதவிப் பெட்டி வாலின் பையில்தான் இருக்கும். கழுத்தில் ஆரஞ்சு நிற விசில் தொங்கும். ஒரு முறை ஊதினால் 'நில்', இரண்டு முறை ஊதினால் 'போகலாம்', மூன்று முறை ஊதினால் ஆபத்து. வாலைத் தாண்டிப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. அது சட்டம்.

அந்தச் சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. வால் கடைசியில் வருவதைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

ஒன்பது மாதத்துக்கு முன்னால் வாலக்காவின் வலது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் யாரோ உள்ளே திருப்புளியை விட்டுத் திருகினார்கள். ஒரு நாள் கூட்டமில்லாத மதியத்தில் உடன் வேலை செய்யும் பெண்ணைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, தானே போய் எந்திரத்தின் முன்னால் நின்றாள். முப்பது வருடமாக இந்தப் படங்களைப் பார்க்கிறவளுக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் தேய்ந்து வெறும் கோடாகியிருந்தது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவன் திரையை எட்டிப் பார்த்து, "யாருதுக்கா? ரொம்பப் பெரியவங்களோ?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, ரொம்பப் பெரியவங்க" என்று படத்தை மூடினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி கோபப்பட மாட்டான். கனிவாகப் பேசுவான், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கா" என்பான். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய வீட்டுக்காரர் நடக்கிற மிக நீண்ட தூரம் சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும். அந்தச் சோபாவின் மறுமுனையில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தாள். பயமாக இருந்தது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். வால் மெதுவாக வர வேண்டுமென்றால், வாலுக்கு முன்னால் இன்னொருவர் மெதுவாக நடக்க வேண்டும். "புதுசா யாரையாவது கூட்டிட்டு வாங்கப்பா, நாமளே எத்தனை நாள் நம்ம மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கறது" என்று மாதாமாதம் கிளப்பிவிட்டாள். புதிதாக வருகிறவர்களுக்குக் கொப்புளம் வரும், மூச்சு வாங்கும், புது ஷூ கடிக்கும். வாலக்கா பெருந்தன்மையோடு அவர்கள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருவாள். "பாருங்க, புதுசா வந்தவங்களை எவ்வளவு பொறுமையாக் கூட்டிட்டு வர்றாங்க" என்று பேரும் கிடைத்தது. ஒரு வங்கி கேஷியர், ஒரு பல் டாக்டர், இரண்டு நர்ஸுகள் என்று எட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒன்பதாவது மாதம் வந்தவர் சம்பந்தியம்மா. தம்பி மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தையல் கடை வைத்திருப்பவர். குட்டையாக, கனத்த உடம்பு. "எனக்கும் மலைக்கு வரணும்னு ஆசையா இருக்கு அண்ணா" என்று அவரே போனில் கேட்டபோது தம்பிக்கு வியர்த்துவிட்டது.

"சம்பந்தியம்மாவுக்கு ஒரு கீறல் பட்டாலும் எனக்கு வீட்டுல சாப்பாடு கிடையாதுக்கா" என்றான்.

"என் முன்னாடி நடக்கவிடு. நான் பார்த்துக்கறேன்" என்றாள் வாலக்கா. அந்த உருவத்தைக் கல்யாணத்தில் பார்த்திருந்தவளுக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போலத் தம்பி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கிறதா, மாற்றுக் காலுறை பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதா, தண்ணீர் மூன்று லிட்டர் இருக்கிறதா என்று தம்பி ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பேக்கரிக்காரர் ஒரு முழுக் கேக்கைக் கொண்டு வந்திருந்தார். அது அங்கேயே தீர்ந்தது. சம்பந்தியம்மாவின் பையில் வேண்டாமென்று எடுத்துப் போட ஒன்றுமில்லை. பையே அவர் தைத்தது. தோள்பட்டை இரட்டை மடிப்பு. ஷூ பழையது, ஆறு மாதமாகக் கடைக்கும் வீட்டுக்கும் போட்டு நடந்து பழக்கியதாம்.

"புது ஷூவோட மலைக்குப் போனா ஷூ ஏறும், கால் ஏறாதுன்னு எங்கேயோ படிச்சேன்" என்றார்.

தம்பி அசந்துபோனான். வாலக்காவுக்குத்தான் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

மறுநாள் பன்னிரண்டு பேர். முன்னால் தபால்காரர், பின்னால் வாலக்கா, அவளுக்கு நேர் முன்னே பதினோராவதாகச் சம்பந்தியம்மா. தம்பி கிளம்பும்போதே நேரத்தைச் சொல்லிவிட்டான். மலையின் இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் ஆறு. ஆற்றைக் கடந்தால் நாலு மணி பஸ். மேலே உள்ள அணையில் இரண்டு மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள். மூன்று மூன்று பேராகக் கைகோத்துப் பன்னிரண்டு பேர் கடக்க அரைமணி நேரம் ஆகும்.

"ஒண்ணேகால் மணிக்குக் கரையில இல்லைன்னா ஆத்துல இறங்கறது இல்லை. கரையோரமா ஏழு கிலோமீட்டர் நடந்து பாலத்து வழியாப் போவோம். ஆறு மணி பஸ். பதறாத காரியம் சிதறாது" என்றான். பஸ்ஸையே ஒரு நிமிடம் முன்னால் எடுக்கவிடாத ஆள் அவன். இருபது வருடமாக அந்தக் கரைக் கணக்கை அவன் மீறியதில்லை.

ஏற்றத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. சம்பந்தியம்மா பேசிக்கொண்டே ஏறினார். பேச்சு நிற்காத வேகம்தான் சரியான வேகம் என்று வாலக்கா புதியவர்களுக்குச் சொல்லுவாள். இவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. உச்சியில் உட்கார்ந்து எல்லோரும் ரொட்டி தின்றார்கள். இறங்கும் முன் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் நுனி போய் மோதும் என்று தம்பி நினைவூட்டினான். நீட்டிச் சுருக்கும் கைத்தடியை ஒரு சாண் நீட்டிக்கொண்டார்கள். இறக்கம் தொடங்கியது.

இருபது நிமிடத்தில் வாலக்காவின் முட்டி தன் வேலையைக் காட்டிவிட்டது. முன்னால் போன சம்பந்தியம்மாவோ சின்னச் சின்ன அடியாக வைத்து விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தார். இடைவெளி பெருகியது. வாலக்கா விசிலை எடுத்து ஒரு முறை ஊதினாள். வரிசை நின்றது. தம்பி ஏறி வந்தான்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது."

சம்பந்தியம்மா பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டிருந்தார். வாலக்காவைப் பார்த்தார். பிறகு கொட்டையைத் துப்பிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

அரைமணி கழித்து இரண்டாவது விசில். "அவங்களுக்குக் கால்ல கொப்புளம் மாதிரி இருக்கு." மூன்றாவது விசிலுக்குத் தம்பியின் முகம் கறுத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்ப்பதும் சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரிப்பதுமாகத் தவித்தான். கடைசியில், "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, பையை எங்ககிட்டக் கொடுங்க" என்றான். பையைப் பிரித்து, தண்ணீரை ஒருவர், மழைக்கோட்டை ஒருவர், சாப்பாட்டை ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். காலிப் பையைப் பேக்கரிக்காரர் தன் பைமேல் கட்டிக்கொண்டார். தான் தைத்த பை அடுத்தவர் முதுகில் போவதைச் சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவி விசிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

மற்றவர்கள் நகர்ந்த பிறகு சம்பந்தியம்மா திரும்பினார்.

"வலது முட்டிதானே?"

வாலக்கா காலை ஒரு கல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்க பேன்ட்ல இடது முட்டியில நல்லா மடிப்பு விழுந்திருக்கு. வலது பக்கம் இஸ்திரி போட்டது போட்டபடியே இருக்கு. காலை மடக்காமலே இறங்கறீங்க. முப்பது வருஷமா துணியைப் பார்க்கறவளுக்கு இது தெரியாதா?"

"கொஞ்சம் வலி, அவ்வளவுதான்…"

"இந்தக் காலு முப்பது வருஷம் பெடல் மெஷின் மிதிச்ச காலு அக்கா. எனக்கு மூச்சும் வாங்கலை, கொப்புளமும் இல்லை." சம்பந்தியம்மா குரலை உயர்த்தவில்லை. "நான் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. இன்னிக்கு ராத்திரி அண்ணா மகளுக்குப் போன் பண்ணுவாரு. உன் மாமியாரால முடியலம்மான்னு பாவம்போலச் சொல்லுவாரு. அவ என் பையன்கிட்டச் சொல்லுவா. அவன் என்கிட்ட வந்து, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு கேப்பான். அதோட முடிஞ்சது. இனிமே என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. இந்த ஒரு நாளுக்காக நான் ஆறு மாசம் ஷூ பழக்கினேன்."

சொல்லிவிட்டு முன்னால் திரும்பி நடந்தார். பத்தடி போய் நின்றார். வாலக்கா வந்து சேரும்வரை காத்திருந்தார். மறுபடி பத்தடி, மறுபடி காத்திருப்பு. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வாலக்காவுக்கு. தனக்கு வரப்போகிறது என்று பயந்த அதே சோபாவில், ஒரு தப்பும் செய்யாத ஒருத்தியை அல்லவா உட்காரவைக்கப் போகிறாள்? அவமானம் முட்டி வலியைவிட அதிகமாகக் குத்தியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கரைக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் பாலம் வழியாகத்தான் போகப்போகிறோம், பஸ்ஸில் உட்கார்ந்து தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொன்னாள். நல்லதைத் தள்ளிப்போட மனுஷருக்குச் சாக்கா கிடைக்காது?

கரைக்கு வந்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து. ஆறு முட்டியளவுதான் ஓடியது. தண்ணீர் அகலமாகப் பரவிச் சலசலத்த இடத்தில் அடியில் கூழாங்கல் தெரிந்தது. தம்பி கடிகாரத்தைப் பார்த்தான், பாலத்துப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தான், சம்பந்தியம்மாவைப் பார்த்தான்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. தாண்டிடலாம்" என்றான்.

தபால்காரர் திடுக்கிட்டார். "ஒண்ணேகாலுக்கு மேல இறங்கறது இல்லைன்னு நீங்கதானே…"

"அது நமக்கு. சம்பந்தியம்மாவை இந்த நிலைமையில இன்னும் ஏழு கிலோமீட்டர் நடக்கவைக்க முடியுமா? சொல்லுங்க. ஷூவைக் கழட்டாதீங்க. பையோட இடுப்பு வாரையும் மார் வாரையும் அவுத்துவிடுங்க, விழுந்தா பையை உதறிட்டு எழுந்திருக்கணும். மூணு மூணு பேரா வாங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

அந்தச் 'சீக்கிரம்' என்ற சொல்லைத் தம்பி வாயிலிருந்து ஆற்றங்கரையில் யாரும் கேட்டதில்லை. முதல் மூன்று பேர் தண்ணீரில் கால் வைத்துவிட்டார்கள். தபால்காரருக்கு முழங்காலுக்குக் கீழே நனைந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தம்பி ஆழமும் நேரமும் தெரிந்தே விடுகிறான். எதற்கு? அக்கா சொன்ன பொய்க்காக. அவளுக்கு அது அப்போதுதான் முழுசாக உறைத்தது. சம்பந்தியம்மா தன்னைப் பார்க்கிறாரா என்றுகூட அவள் பார்க்கவில்லை. விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள்.

பத்தொன்பது வருடத்தில் அந்த ஆபத்து விசிலை யாரும் கேட்டதில்லை. தண்ணீரில் இருந்தவர்கள் அப்படியே பின்வாங்கிக் கரையேறினார்கள். எல்லோரும் ஆபத்து எங்கே என்று சுற்றுமுற்றும் தேடினார்கள்.

"யாரும் இறங்காதீங்க" என்றாள் வாலக்கா. "சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கலை, கொப்புளமும் இல்லை. லேட் ஆனது என்னால. எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு. இறங்க முடியலை. அவங்க மேல பழியைப் போட்டேன்."

தம்பி அவள் முட்டியைப் பார்த்தான்.

"எத்தனை மாசமா?" என்றான் தம்பி.

"ஒன்பது."

அவன் மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. கேஷியர், பல் டாக்டர், நர்ஸுகள். "அந்த நர்ஸ் பொண்ணு, என்னாலதான் எல்லாருக்கும் லேட்டுன்னு அழுதுட்டுப் போச்சு. நினைவிருக்கா?"

"இருக்கு."

"யாருக்காவது அடிபட்டிருந்தா பின்னாடியிருந்து நீ ஓடி வந்திருப்பியா? உன்னை நம்பித்தானேக்கா நான் திரும்பிப் பார்க்காம நடக்கறேன்." அவன் கண் கலங்கிவிட்டது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "என்ன சொல்றதுன்னே தெரியலை சம்பந்தியம்மா."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணா. என் பையைக் கொடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

பேக்கரிக்காரர் அவசரமாகக் கட்டை அவிழ்த்தார். சாமான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் அடுக்கிய பிறகும் சம்பந்தியம்மா பையை மூடவில்லை. வாலக்காவின் பையிலிருந்த முதலுதவிப் பெட்டியைக் காட்டி, "அதையும் வைங்க. இடம் இருக்கு" என்றார். வாலக்கா பெட்டியைக் கொடுத்தாள். சம்பந்தியம்மா கையை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றும்போது கயிறு காதில் மாட்டிக்கொண்டது. சம்பந்தியம்மாவே அதை மெதுவாக விடுவித்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வாலக்கா வரிசையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். நடுவில் எங்காவது நுழைந்துகொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"அங்க இல்லைக்கா. முன்னாடி போ" என்றான் தம்பி.

"முன்னாடியா? கிண்டல் பண்றியா?"

"குடும்பத்தோட நடந்தா மெதுவா நடக்கறவங்களை முன்னாடி விடுங்க, அவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம்னு புதுசா வர்றவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? நானா? நீதானே? நீ நட. நாங்க பின்னாடி வர்றோம். அடுத்த மாசம் மலை கிடையாது, டாக்டர்கிட்டதான் போறோம், நானே கூட்டிட்டுப் போவேன். அதுக்கு அடுத்த மாசம் இறக்கம் இல்லாத வழியா நான் தேடறேன்." அவன் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தன் கைத்தடியையும் அவளிடம் நீட்டினான். "ரெண்டு தடி ஊனிக்கோ. முட்டிக்குப் பாரம் குறையும்."

தபால்காரர் வழிவிட்டு இரண்டாம் இடத்துக்குப் போனார்.

கால்மணி நடந்திருப்பார்கள், மேலே எங்கோ அணையின் சங்கு ஊதியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறு நிறம் மாறியது. கூழாங்கல் மறைந்தது. அவர்கள் கடக்க இருந்த இடம் போன்ற ஓர் இடத்தில் ஒரு பெரிய மரக்கிளை ஆளுயரத்துக்கு எழும்பிப் புரண்டு போனது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். தம்பி கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நாலு" என்றான். "கடைசி மூணு பேர் நடு ஆத்துல இருந்திருப்போம்."

"சரி, கிளம்பலாம். ஆள் எண்ணிக்கலாம்" என்றான்.

வாலக்கா தடிகளை ஊன்றி நின்று, வழக்கம்போலத் தன் முறைக்காகக் காத்திருந்தாள். யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டியவர் ஏன் எண்ணவில்லை என்று, அதுவரை தடி ஊன்றும் இடத்தையே பார்த்து நடந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே யார் முதுகும் இல்லை. பாதைதான் இருந்தது. குறுக்கே ஒரு சிலந்தி வலை, இன்னும் யாரும் அறுக்காமல், ஈரத்தோடு நின்றது. பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட அவள் வரும்வரை வலை மிச்சம் இருந்ததில்லை.

பின்னால் பதினோரு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு" என்றாள்.

பின்னால் யாருக்கும் எட்டவில்லை. மறுபடி கத்தினாள். ரெண்டு, மூணு, நாலு என்று எண் அவளை விட்டுப் பின்னோக்கி ஓடியது. தம்பியின் குரல் ஏழில் கேட்டது. கடைசியில், தூரத்திலிருந்து, ஆறு மாதமாக ஷூ பழக்கிய ஒரு குரல் ஓங்கிக் கேட்டது.

"பன்னெண்டு. வால்!"

வாலக்கா முகத்தில் வலை ஒட்ட, அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.